வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி

அத்தியாயம் 5

சிட்னியின் பென்டில் ஹில்லில் ரயில் ஏறியபோது மணி பன்னிரண்டு இருபது. பிற்பகல் இரண்டு மணிக்கு லக்ஷ்மிப்ரியாவின் வேலையையும் பெயரையும் ஒரே மூச்சில் காலி செய்வதென்று அவளுடைய கம்பெனி நேரம் குறித்திருந்தது.

"இன்னும் ஒண்டரை மணித்தியாலத்துக்கு மேல கிடக்கு," என்றாள் டில்ஷா. "எங்கட மன்னார்ல இவ்வளவு நேரத்துக்குள்ள ஒரு கலியாணம் பேசி, சீதனத்தில பிசகி, ரெண்டு குடும்பமும் கதையாமலே போயிருக்கும்."

துப்பறிவாளர் மிருணாளினி சிரிக்கவில்லை. அவளுக்கு முப்பத்தொரு வயது. குடும்பத்தில் முதல் டிகிரி அவளுடையது. யாராவது "உனக்குப் புரியாதும்மா" என்று ஆரம்பித்தால் அன்றைக்கு அந்த ஆளுக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம். டில்ஷா அவளுடைய உதவியாளர். கார் ஓட்டும் பரீட்சையில் மூன்று முறை தோற்றவள். அதனால்தான் ரயில்.

எதிர் இருக்கையில் லக்ஷ்மிப்ரியா. சேலத்துக்காரி. நேற்று மாலையிலிருந்து சாப்பிடாத முகம்.

அவள் வேலை பார்ப்பது பரமட்டாவில் ஒரு தமிழர் நடத்தும் மென்பொருள் கம்பெனியில். முதியோர் இல்லங்களில் யாருக்கு எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்று நர்ஸுகளுக்கு மணியடித்துச் சொல்லும் மென்பொருளை விற்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு சனி ஞாயிறு, மெல்பர்ன் ரோவில்லில் ஓர் இல்லத்தில் மணி அடிக்கவே இல்லை. மேரிறோஸ் என்ற அம்மாள் இதய மாத்திரை கிடைக்காமல் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். பிழைத்துக்கொண்டார். ஆனால் யாராவது ஒருத்தர் தலை உருண்டாக வேண்டுமே.

கம்பெனி லக்ஷ்மிப்ரியாவின் தலையைப் பிடித்து நீட்டியது. மணியைச் சோதிக்கும் வேலை அவளுக்கு ஒன்பது முறை கொடுக்கப்பட்டது, ஒருமுறைகூட அவள் செய்யவில்லை என்று ஒரு தாளை ஆதாரமாகக் காட்டினார்கள். இன்று இரண்டு மணிக்கு மேரிறோஸின் மகனோடு வீடியோ அழைப்பு. அதில் அவள் பெயரைச் சொல்லி மன்னிப்பு. அடுத்த நிமிடம் அவளுக்கு வேலைநீக்கம். அவளை இந்த நாட்டில் வைத்திருப்பது அந்தக் கம்பெனி போட்ட ஸ்பான்சர் விசா. வேலை போனால் நூற்றெண்பது நாளுக்குள் இன்னொரு ஸ்பான்சர் பிடிக்க வேண்டும். ஒரு அம்மாளை மயங்க வைத்தவள் என்ற பெயரோடு எங்கே போய்ப் பிடிப்பது?

"அந்த வேலையை எனக்கு யாருமே கொடுக்கல," என்றாள் லக்ஷ்மிப்ரியா. "அந்த ஒன்பது வரியும் அப்புறமா எழுதிச் சேர்த்தது. ஆனா நான் சொன்னா யார் நம்புறா?"

"பழைய பிரதி இருக்குமே?" என்றாள் மிருணாளினி.

"வக்கீல் மூலமா கேளுங்கன்னாங்க. வக்கீல் வர்றதுக்குள்ள நான் சேலம் போய்ச் சேர்ந்திருப்பேன்."

மிருணாளினி மடியில் அந்தத் தாள். அலுவலகத்தில் எல்லோரும் 'சிலேட்டு' என்ற செயலியில்தான் குறிப்பெடுப்பார்கள், வேலை திட்டமிடுவார்கள். அதில் படமும் கிடையாது, வண்ணமும் கிடையாது. ஒரு வரிக்கு ஒரு வேலை. வரியின் தொடக்கத்தில் 'செய்ய' அல்லது 'முடிந்தது'. பிறகு யாருக்கு, என்றைக்கு, எத்தனை மணிக்கு.

டில்ஷா எட்டிப் பார்த்தாள். "இது ஆப் இல்லையக்கா. பள்ளிக்கூடக் கொப்பி."

"அதுதான் அதோட பலம்," என்றாள் லக்ஷ்மிப்ரியா. "வெறும் எழுத்து. எதுல வேணா திறக்கலாம்."

"யார் வேணா எழுதலாம்னும் அர்த்தம்," என்றாள் மிருணாளினி. "டில்ஷா, நேரத்தை மட்டும் வாசி."

"பெப்ரவரி அஞ்சு, வியாழன், மூண்டு மணி. ஒன்பதாந்தேதி, திங்கள், ரெண்டு எட்டு. பதின்மூண்டு, வெள்ளி, பன்னிரண்டு. பதினெட்டு, புதன், ஒண்டரை. இருபத்திமூண்டு, திங்கள், பத்து நாப்பத்திரெண்டு. இருபத்தேழு, வெள்ளி, திரும்பவும் பன்னிரண்டு. மார்ச் மூண்டு, செவ்வாய், ஒன்பது பதினேழு. அஞ்சு, வியாழன், பதினொண்டு முப்பத்தாறு. பத்து, செவ்வாய், நாலரை."

"நாலு நேரம் கோணல்மாணலா இருக்கு. அஞ்சு நேரம் கத்தரிச்ச மாதிரி இருக்கு. ஒரே ஆள் ஏன் ரெண்டு விதமா எழுதணும்?"

"பாதி நாள் நல்ல பிள்ளையாக்கும்."

மிருணாளினி தன் போனை எடுத்தாள். சிலேட்டின் புதுப் பதிப்பு இந்த மாதம் ஒன்பதாம் தேதி வந்தது என்று காலையில் லக்ஷ்மிப்ரியா சொல்லியிருந்தாள். புதிதாக வந்தவை என்று நாற்பத்தொரு அம்சங்களைப் பட்டியல் போட்டிருந்தார்கள். இப்படிப் பட்டியல்களை எழுதியவனைத் தவிர யாரும் படிப்பதில்லை. மிருணாளினி எல்லாவற்றையும் படிப்பாள். படிக்காமல் கையெழுத்துப் போட்டே தன் அப்பா இரண்டு முறை வேலையை இழந்ததைப் பார்த்தவள் அவள்.

இருபத்தேழாவது அம்சத்தில் விரல் நின்றது. சத்தமாகப் படித்தாள்.

"தவிர்க்க வேண்டிய நேரங்களை உங்கள் அமைப்பில் எழுதி வைக்கலாம். அந்த நேரத்துக்குள் விழும் எந்த வேலையையும் சிலேட்டு, அந்த நேரம் முடிகிற நிமிடத்துக்குத் தானாகத் தள்ளி வைக்கும். பழைய தேதியிட்ட வேலைகளுக்கும் இது பொருந்தும்."

"மதியச் சாப்பாட்டு நேரத்தில மீட்டிங் போடாமல் இருக்க நல்லது," என்றாள் டில்ஷா.

"செவ்வாய் நாலரை. புதன் ஒன்றரை. வியாழன் மூணு. வெள்ளி பன்னிரண்டு. இது என்னன்னு தெரியுதா?"

"பஸ் டைம்டேபிளா?"

"நீ வேதக்காரி, சர்ச்சுக்குப் போறவ, உனக்குத் தெரியாது. ராகுகாலம் முடியுற நேரம்."

லக்ஷ்மிப்ரியா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மிருணாளினிக்கு அந்த அட்டவணை மறக்காது. இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குக் கிளம்பிய ஒரு வெள்ளிக்கிழமை, பத்தே முக்காலுக்கு வாசலில் செருப்பை மாட்டியவளைப் பெரியப்பா மறித்து, பன்னிரண்டுக்கு மேல் போ என்றார். பஸ் போனது. கேட்ட கல்லூரியும் போனது. நல்ல நேரம் பார்த்த பெரியப்பா மட்டும் போகாமல் வீட்டிலேயே இருந்தார்.

"கேட்டுக்கோ டில்ஷா. எழுதினவன் இயல்பா இருக்கட்டும்னு வெள்ளிக்கிழமை பதினொண்ணு பத்துன்னு அடிச்சிருப்பான். அவன் சிலேட்டுல ராகுகாலம் தடுப்பு போட்டிருக்கு. சேமிச்சதும் அது பன்னிரண்டுன்னு மாத்திருச்சு. அவன் திரும்பிப் பாக்கல."

"அப்ப பெப்ரவரி அஞ்சாந்தேதி வரி?"

"அதேதான். அந்த வசதி பிறந்தது மார்ச் ஒன்பது. பிப்ரவரி அஞ்சாந்தேதியே அதுக்குக் கட்டுப்பட்டு மூணு மணிக்கு நகர்ந்திருக்கு. பிறக்காத பிள்ளை நடந்திருக்கு. ஒன்பது வரியும் பின்தேதி போட்டு எழுதினதுதான்."

"என் சிலேட்டுல எந்தத் தடுப்பும் இல்ல," என்றாள் லக்ஷ்மிப்ரியா. லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். அவளுடைய சொந்தக் குறிப்புகள் புதன் பன்னிரண்டே கால், வெள்ளி பத்து ஐம்பது என்று ராகுவைப் பற்றிக் கவலையே இல்லாமல் சிதறிக் கிடந்தன.

"உங்க ஆபீஸ்ல ராகுகாலம் பாக்குற ஆள் யாரு?"

"முதலாளி. செந்தில்நாதன் சார். அவர் ரூம்லயே தினசரி காலண்டர் தொங்கும்."

"போதும்," என்றாள் மிருணாளினி.

பரமட்டாவில் அலுவலகம் இருந்த எட்டாவது மாடியில் வரவேற்பு மேசைக்குப் பின்னால் யோகா இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அலுவலகத்தில் எல்லோருக்கும் அத்தை முறையில் அன்ரி. லக்ஷ்மிப்ரியாவைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"வாங்கோ பிள்ளை. ஏன் இப்பிடி வாடிப்போய் நிக்கிறாய்?"

"சாரைப் பாக்கணும் அன்ரி."

"கொஞ்சம் இருங்கோ. ஒரு மணி கழிஞ்சுதான் கதவு திறப்பார். இண்டைக்கு வீடியோக் கோல்கூட முதல் பன்னிரண்டுக்குத்தான் வைச்சிருந்தது. பெரியவர்தான் கூடாதெண்டு ரெண்டுக்கு மாத்திப்போட்டார்."

மிருணாளினிக்கு அப்போதிருந்த கோபத்தில் அந்த வாக்கியம் காதில் விழுந்ததே தவிர உள்ளே இறங்கவில்லை.

காபிக் கோப்பையோடு ஒருவர் வந்தார். பிரதீப்குமார், குழுத் தலைவர். ஒன்பது வரிகளையும் 'கண்டுபிடித்து' முதலாளியிடம் கொடுத்தவர் அவர்தான்.

"நீங்கதான் டிடெக்டிவா? நான் சினிமாலதான் பாத்திருக்கேன். வெளிய ஏன் நிக்கறீங்க? ராகுகாலம் பன்னிரண்டோட முடிஞ்சிருச்சே, தாராளமா உள்ள போங்க." சிரித்தார். "ஜோக் மேடம். எனக்கு அந்த மூடநம்பிக்கை எல்லாம் கிடையாது. அது பெரியவரோட டிபார்ட்மென்ட். நான் சயின்ஸ் ஆளு."

"நல்ல காலம்," என்றாள் டில்ஷா. "இல்லாட்டி காப்பிக்கும் நேரம் பாத்திருப்பீங்கள்."

கதவு ஒன்று ஐந்துக்குத் திறந்தது. நெற்றி நிறைய விபூதியோடு செந்தில்நாதன் உட்கார்ந்திருந்தார். பின்னால் சுவரில் முருகன் படம் போட்ட தினசரி காலண்டர். மிருணாளினி நாற்காலியில்கூட உட்காரவில்லை. தாளை மேசையில் வைத்து, ஐந்து நேரங்களுக்கும் அடியில் கோடு போட்டு, சிலேட்டின் இருபத்தேழாவது அம்சத்தைச் சொல்லி, கடைசியில் காலண்டரைக் கையால் காட்டினாள்.

"இந்த ஆபீஸ்ல இந்த நேரத்துக்குப் பயப்படுறவர் ஒருத்தர்தான். உங்க கம்பெனி தப்பை மறைக்க, விசாவுக்காக வாயை மூடிக்கிட்டு இருப்பான்னு ஒரு பொண்ணைத் தேர்ந்தெடுத்தீங்க. எழுதினது நீங்கதான்."

அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உனக்குப் புரியாதும்மா."

டில்ஷா கண்ணை மூடிக்கொண்டாள், வெடிக்கப்போவதைப் பார்க்க மனமில்லாமல்.

"இது ராகுகாலமே இல்ல," என்றார் செந்தில்நாதன். "இந்தக் காலண்டர் மளிகைக்கடைல கொடுத்தது. படத்துக்காக மாட்டினேன். இதுல போட்டிருக்கிறது ஆறு மணிக்குச் சூரியன் உதிக்கிற ஊரோட கணக்கு. சிட்னில இப்ப உதயம் ஏழு மணி. வெள்ளிக்கிழமை ராகுகாலம் இங்க பதினொன்றரைக்குத் தொடங்கி ஒரு மணிக்கு மேலதான் முடியும். பன்னிரண்டுங்கிறது நட்டநடு ராகுகாலம். அந்த நேரத்துல நான் பேனாவைக்கூடத் தொடமாட்டேன். புதன் ஒன்றரை, வியாழன் மூணு, செவ்வாய் நாலரை, இதுவும் அப்படியே. உள்ள விழுறது. நம்புறவன் உதயம் பார்த்துக் கணக்குப் போடுவான்மா. நம்பாதவன்தான் காலண்டர் அட்டையை அப்படியே காப்பி அடிப்பான்."

'உனக்குப் புரியாதும்மா' என்ற வார்த்தை அவள் வாழ்க்கையில் முதல்முறையாகச் சரியான இடத்தில் விழுந்திருந்தது. மிருணாளினிக்கு அது கசந்தது. கசந்தாலும் விழுங்கினாள். ஒரு மணி வரை திறக்காத கதவு. பன்னிரண்டிலிருந்து இரண்டுக்கு மாறிய அழைப்பு. பெரியப்பா மேல் இருந்த ஆத்திரத்தில் கண்ணெதிரே இருந்ததைத் தாண்டிப் போயிருக்கிறாள்.

"தப்பு என்னுது," என்றாள். "அப்ப இன்னொரு கேள்வி. இன்னைக்கு வீடியோ காலை முதல்ல பன்னிரண்டுக்கு வச்சது யாரு?"

"பிரதீப். என் மீட்டிங் எல்லாம் அவன்தான் போடுறது. நான் ஒருதரம் ராகுகாலத்துல போடாதேன்னு சத்தம் போட்டேன். அதுலேர்ந்து பாத்துப் போடறேன்னான். ஆனா பாரு..." போனை எடுத்துத் தள்ளிக்கொண்டே போனார். "ரெண்டு வாரமா புதன் ஒன்றரை, வியாழன் மூணு, வெள்ளி பன்னிரண்டு. கச்சிதமா ராகுகாலத்துக்குள்ள கொண்டுவந்து போடுறான். எனக்குத்தான் கிரகம் சரியில்லைன்னு திருநாகேஸ்வரம் ராகு கோயிலுக்கு நேர்ந்துக்கிட்டேன்."

சொல்லி முடிக்கும்போதே அவர் குரல் தேய்ந்தது. தாளில் கோடு போட்டிருந்த அதே நேரங்களைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்கே விளங்கியது.

"நேர்த்திக்கடனை வேற கம்பெனிக் கணக்கில எழுதிப்போடாதேங்கோ," என்றாள் டில்ஷா.

செந்தில்நாதன் கூப்பிட்டதும் பிரதீப்குமார் தன் லேப்டாப்போடு உள்ளே வந்தார். முகத்தில் இன்னும் அந்தச் சிரிப்பு.

"சிலேட்டுல ஒரு வரி எழுதணும்," என்றாள் மிருணாளினி. "என்ன வேலைன்னாலும் பரவால்ல. போன மாசம் பதின்மூணாந்தேதி, வெள்ளி, பதினொண்ணு பத்து."

"எதுக்கு?"

"சயின்ஸ்."

அவர் விரல்கள் விசைகளின் மேல் நின்றன. அடிக்கவில்லை. லக்ஷ்மிப்ரியா எழுந்து வந்தாள். அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, நேரத்தை அவளே அடித்தாள், சேமித்தாள். திரையில் பதினொன்று பத்து என்பது ஒரு நொடி நின்றது. பிறகு பன்னிரண்டு ஆனது.

பிரதீப்குமார் கையை விசைகளிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"பழைய தேதிக்கும் தள்ளும்னு அந்தப் பட்டியல்ல போட்டிருக்கு," என்றாள் மிருணாளினி. "நீங்க அந்த அம்சத்தோட முதல் வரியைப் படிச்சதோட நிறுத்திட்டீங்க."

"அந்த மணியைச் சோதிக்கிறது என்னோட வேலைதான்," என்றார் பிரதீப்குமார், தரையைப் பார்த்து. "வெரிபீல வீடு கட்டிக்கிட்டு இருக்கேன். வாராவாரம் மெல்பர்ன் போய் வர்றதுல விட்டுப்போச்சு. அந்தம்மா விழுவாங்கன்னு நான் நினைக்கல."

"அதுக்கு நான் விழணும்னு நினைச்சீங்க," என்றாள் லக்ஷ்மிப்ரியா.

மணி ஒன்று ஐம்பது. செந்தில்நாதன் எழுந்து கதவைச் சாத்தினார். திரும்பி வந்தபோது அவர் குரலில் தேன் தடவியிருந்தது.

"இங்க பாருங்க. நடந்தது நடந்துபோச்சு. பிரதீப் இன்னைக்கே ராஜினாமா பண்ணிடுவான். லக்ஷ்மி, உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது. விசா புதுப்பிக்கிறதையும் நானே பாத்துக்கறேன். வீடியோ கால்ல டெக்னிக்கல் ஃபால்ட்டுன்னு சொல்லிடலாம். யார் பேரும் வேணாம். நம்மாளுங்க விஷயம் நமக்குள்ளயே இருக்கட்டும். வெளிய பேசமாட்டேன்னு மட்டும் ஒரு கையெழுத்து."

இழுப்பறையிலிருந்து தாள் உடனே வந்தது. இப்படித் தயாராக வைத்திருக்கும் தாள்களை மிருணாளினிக்குப் பிடிக்காது. ஆனால் இது அவள் பேச வேண்டிய இடம் இல்லை.

லக்ஷ்மிப்ரியா அந்தத் தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். மேசைமேல் திரும்ப வைத்தாள்.

"புதன்கிழமை மேரிறோஸ் அம்மா வீட்டுக்குக் கம்பெனிலேர்ந்து ஒரு கடிதம் போச்சு சார். அதுல என் பேரு முழுசா இருந்துது. இனிஷியலோட. அப்ப நான் நம்மாளா தெரியலையா?"

"அது தெரியாம நடந்தது."

"தெரியாம என் பேரைப் போட முடியுது. தெரிஞ்சு எடுக்க மட்டும் கையெழுத்து வேணுமா?"

"லக்ஷ்மி, கோவத்துல பேசாத. உன் விசாவுக்கான நாமினேஷன் என் கையில இருக்கு. நூத்தெண்பது நாள்தான். யோசிச்சுப் பாரு."

"நேத்து ராத்திரியே எண்ணிட்டேன் சார். செப்டம்பர் இருபத்திமூணு." அவள் தாளை அவர் பக்கம் தள்ளினாள். "எங்க வீட்டுல என்னைத் தவிர யாரும் காலேஜ் வாசலை மிதிச்சதில்ல. எனக்குப் பின்னாடி சொத்து கிடையாது, சிபாரிசு கிடையாது. இந்தப் பேரு ஒண்ணுதான் இருக்கு. அதை டெக்னிக்கல் ஃபால்ட்டுக்குள்ள புதைச்சுட்டு இந்த நாட்டுல நான் என்னத்தைச் செய்ய?"

மேசைமேல் இருந்த செந்தில்நாதனின் லேப்டாப் ஒலித்தது. மணி இரண்டு. மெல்பர்னிலிருந்து மேரிறோஸின் மகன் அழைக்கிறார்.

அவர் கையை நீட்டினார். லக்ஷ்மிப்ரியாவின் கை அதற்கு முன்னால் போய்ப் பொத்தானைத் தட்டியது.

திரையில் நரை தட்டிய ஒருவர். பின்னால் ஆஸ்பத்திரிக் கட்டிலின் ஒரு முனை.

"ஹலோ. பேதுரு கதைக்கிறன், மேரிறோஸின்ர மகன். ஆர் நீங்கள்?"

"லக்ஷ்மிப்ரியா. நீங்க கடிதத்துல படிச்ச பேரு."

திரையில் அந்த மனிதரின் தாடை இறுகியது. அவள் பார்வையை விலக்கவில்லை.

"அம்மா எப்படி இருக்காங்கன்னு முதல்ல சொல்லுங்க அண்ணே. அப்புறம் நான் சொல்றதைக் கேளுங்க. அந்த வேலையை எனக்கு யாருமே கொடுக்கல. கொடுத்த மாதிரி பின்தேதி போட்டு எழுதினவரும், அதை அப்படியே நம்பி உங்களுக்கு அனுப்பினவரும் இதே அறையிலதான் இருக்காங்க. பெயர் நான் சொல்லப்போறதில்ல. அவங்களே சொல்லட்டும்."

லேப்டாப்பை இரண்டு கையாலும் பிடித்து, கேமரா அவர்கள் பக்கம் பார்க்கும்படி மெதுவாகத் திருப்பினாள்.